நூறு ரூபாய் அபராதத்தின் கதை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் தமிழ்நாட்டில் எவ்வளவு அபராதம்? ஆயிரம் ரூபாய். இது எல்லோருக்கும் தெரியும். 2022 அக்டோபருக்கு முன்னால் எவ்வளவு? நூறு ரூபாய். இதுவும் தெரியும். "ஒரேயடியாகப் பத்து மடங்கு ஏற்றிவிட்டார்களே, இது அநியாயம் இல்லையா?" என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் அப்போது புலம்பாதவர்கள் குறைவு.

இனி யாரும் அதிகம் கேட்காத கேள்வி. அந்த நூறு ரூபாய் எப்போது வந்தது? வந்த நாளில் அதன் மதிப்பு என்ன? பத்து மடங்கு ஏறியது நிஜமாகவே ஏற்றம்தானா?

நான் பி.காம். மாணவன். சட்டம் படிப்பவன் இல்லை. ஆனால் எந்தத் தொகையைப் பார்த்தாலும் "இது எந்த வருஷத்து ரூபாய்?" என்று கேட்கத்தான் எங்கள் வகுப்பில் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் சாலைச் சட்டங்களில் உள்ள அபராதத் தொகைகளை வருஷ வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் அந்தந்த வருஷத்துத் தங்கத்தின் விலையையும் எழுதினேன். கிடைத்த விடை கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

தங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊரில் பணத்தின் மதிப்பைப் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் புரிந்துகொள்ளும் ஒரே அளவு பவுன்தானே! அந்தச் சொல்லே இங்கிலாந்தின் பவுண்டு நாணயத்திலிருந்து வந்ததுதான். அந்தத் தங்க நாணயத்தின் எடை ஏறக்குறைய எட்டு கிராம். அதனால்தான் இன்றும் நமக்கு எட்டு கிராம் ஒரு பவுன். பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒரே அளவில் நிற்பதற்கு இதைவிட வசதியான தராசு இல்லை.

மோட்டார் வருவதற்கு முன்பே அபராதம்

சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது குற்றம் என்று சொன்ன முதல் பெரிய சட்டம் மோட்டார் வாகனச் சட்டம் அல்ல. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம். அதன் 279ஆவது பிரிவு, பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வாலாஜா வரை வந்து சேர்ந்தது 1856 ஜூலை 1 அன்றுதான். சாலையில் ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். தறிகெட்டுக் குதிரையை விரட்டி ஒருவர் மேல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம்! அன்று ஒரு தங்க நாணயத்தின் மதிப்பு சுமார் பத்து ரூபாய். அப்படியானால் ஆயிரம் ரூபாய் என்பது நூறு பவுன். இன்றைக்கு நூறு பவுன் என்றால் எத்தனை வீடுகளில் கல்யாணப் பேச்சே நின்றுபோகும் என்று உங்களுக்கே தெரியும்.

1870இல் 304ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கவனக்குறைவால் உயிர் போனால் இரண்டு வருஷம் வரை சிறை. இந்த இரண்டு பிரிவுகளும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நம் சாலைகளை ஆண்டன. 2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் உயிர் போனால் தரும் சிறைத் தண்டனை ஐந்து வருஷம் வரை என்று உயர்ந்தது. ஆனால் 279க்குப் பதிலாக வந்த 281ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு மாதம், ஆயிரம் ரூபாய். அதே ஆயிரம்! 2025இல் தங்கம் ஒரு கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு பவுனில் ஆரம்பித்த அபராதம், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் உருகிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறாமல் இருந்ததால்தான் இப்படி ஆனது.

பணக்காரர் பொம்மைக்கு ஒரு சட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் மோட்டார் கார்கள் ஓட ஆரம்பித்தன. எம்.சி.1 என்ற முதல் பதிவு எண் சென்னைத் துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களின் காருக்குக் கிடைத்தது என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். 1907இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்களும் தனித்தனியாகச் சட்டம் போட்டிருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாக்கி நாடு முழுமைக்கும் வந்ததுதான் 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம்.

சின்னச் சட்டம்தான். பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டக்கூடாது, உரிமம் வேண்டும், விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். இன்றும் நாம் மதிக்கத் திணறும் விதிகள் அன்றே இருந்தன. தனியாகத் தண்டனை சொல்லப்படாத எந்த மீறலுக்கும் 100 ரூபாய் வரை அபராதம். முன்பே தண்டனை பெற்றவர் என்றால் 200 ரூபாய் வரை.

நம் கதாநாயகன் நூறு ரூபாய் மேடைக்கு வந்துவிட்டார்!

1914இல் ஒரு பவுன் 15 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஆறரைப் பவுனுக்கு மேல் வாங்கலாம். 2025 விலையில் அது ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும். ஏன் இவ்வளவு பெரிய தொகை? அன்று கார் வைத்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். வெள்ளைக்கார அதிகாரிகள், பெரிய கம்பெனி முதலாளிகள், ஜமீன்தார்கள். அவர்களுக்கு வலிக்க வேண்டும் என்றால் தொகை அந்த அளவு இருந்தாக வேண்டும். காரில் போனவர் சிலர், சாலையில் நடந்தவர் எல்லோரும். அந்தச் சட்டத்தின் நோக்கம் ஓட்டுபவரிடமிருந்து நடப்பவரைக் காப்பது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

1939இல் அடுத்த பெரிய சட்டம். பஸ், லாரிகளுக்கு பெர்மிட் முறையை விரிவாக வகுத்ததும், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதும் இதுதான். அந்தக் காப்பீட்டு விதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிகவியல் மாணவனாக எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வண்டியால் அடிபட்டவர் வண்டி வைத்திருப்பவரின் வசதியை நம்பி நிற்க வேண்டியதில்லை, காப்பீட்டு நிறுவனம் ஈடு தரும் என்பது எவ்வளவு பெரிய யோசனை!

தலைக்கு வந்தது

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் பெரும்பாலும் மற்றவரைக் காக்கும் விதிகள். ஓட்டுபவரையே காக்கும் விதி எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் வெளிநாடு போய்வர வேண்டும்.

1935இல் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.ஈ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, சில நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணரும் ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தபால்களைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறந்த வீரர்கள் தலையில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1941இல் ஹெல்மெட்டின் பலனைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கும் கட்டாயமாக்கிய முதல் சட்டம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1961இல் வந்தது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மண்டை உடைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டிலேயே முதலில் நெருக்கமாகப் பார்த்த ஊர்களில் ஒன்று வேலூர். அந்த வேலூரில் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு என்பது வேறு விஷயம் :-)

இந்தியாவில் 1977இல் வந்த ஒரு திருத்தம் 1939ஆம் ஆண்டின் சட்டத்தில் ஹெல்மெட்டைச் சேர்த்தது. ஆந்திராவின் ஹெல்மெட் விதியை எதிர்த்து ஐதராபாத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹெல்மெட் போடச் சொல்வது எந்த அடிப்படை உரிமையையும் பறிக்கவில்லை என்று 1988இல் தீர்ப்பு வந்தது. அதே 1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறி, 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 129ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. மீறினால் 177ஆவது பிரிவின் பொது அபராதம். எவ்வளவு? முதல் முறை 100 ரூபாய் வரை.

1914இன் சட்டத்திலும் நூறு. 1988இன் சட்டத்திலும் நூறு. ஆனால் 1988இல் பத்து கிராம் தங்கம் சுமார் 3,100 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆறரைப் பவுன் அபராதம் ஒரு மூக்குத்தி அளவுக்கு வந்துவிட்டது.

மூலதனச் செலவும் வருவாயினச் செலவும்

தமிழ்நாட்டில் ஹெல்மெட் சட்டம் பட்ட பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே கெடுபிடி தளர்ந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, ஹெல்மெட் பரண் மேல் போனது. பிறகு 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும், மீறினால் உரிமத்தையும் வண்டியின் ஆவணங்களையும் பறிமுதல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஜூன் கடைசியில் கடைகளில் ஹெல்மெட் இருப்பு தீர்ந்து விலை தாறுமாறாக ஏறியது. தேவையும் அளிப்பும் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா!

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நூறு ரூபாய் அபராதம் பல வருஷம் செய்யாததை, உரிமத்தைப் பிடுங்குவோம் என்ற ஒரு வரி ஒரு மாதத்தில் செய்தது. ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்கப் பல நூறு ரூபாய் ஆகும். அது மூலதனச் செலவு. எப்போதாவது மாட்டினால் நூறு ரூபாய். அது வருவாயினச் செலவு. நூறு தடவை போய் ஒரு தடவை மாட்டினால், ஒரு பயணத்துக்கு ஒரு ரூபாய்! இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து எழுதிப் போடுவதில்லை. ஆனால் எல்லோர் மனசிலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்த ஒரு ரூபாய்க்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். 2023இல் சாலை விபத்துகளில் தமிழ்நாட்டில் மட்டும் 18,347 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான், 67,213. பெருமைப்படும் முதலிடம் இல்லை.

பத்து மடங்கும் ஐந்து மடங்கும்

இப்போது 2019க்கு வருவோம். அந்த வருஷம் செப்டம்பர் 1 அன்று மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அபராதங்களை உயர்த்தியது. நாடே அலறியது. இடத்திலேயே கட்டி முடித்துக்கொள்ளும் தொகையை மாநில அரசே தீர்மானிக்கலாம் என்று 200ஆவது பிரிவு சொல்வதால், குஜராத் அந்த மாதமே தொகைகளைக் குறைத்து அறிவித்தது. ஹெல்மெட்டுக்கு ஆயிரம் அல்ல, ஐந்நூறு. தமிழ்நாடு மூன்று வருஷம் பழைய தொகையிலேயே ஓட்டி, 2022 அக்டோபரில் புதிய தொகைகளுக்கு அரசாணை போட்டது.

சரி, நூறு ஆயிரமானது ஏற்றம்தானா? 2022 அக்டோபரில் ஒரு பவுன் 37,000 ரூபாய்க்கு மேல். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு வரும். 1988இல் நூறு ரூபாய்க்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. தங்கக் கணக்கில் இது ஏற்றமே இல்லை, இறக்கம்!

தங்கம் மற்ற பொருள்களைவிட வேகமாக ஏறும், அதை மட்டும் வைத்துப் பேசக் கூடாது என்று பொருளாதாரம் படிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1988க்கும் 2022க்கும் இடையில் விலைகள் ஏறத்தாழ பத்து மடங்கு ஏறியிருக்கின்றன. அப்படியானால் புதிய ஆயிரம் ரூபாய் என்பது பழைய நூறு ரூபாயேதான். 34 வருஷத் தேய்மானத்தை ஒரே நாளில் சரிசெய்தார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். 2019இன் சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. 199பி பிரிவின்படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் அபராதங்களைப் பத்து சதவீதம் வரை உயர்த்தி மத்திய அரசு அறிவிக்கலாம்.

இங்கேதான் நான் சொன்ன அதிர்ச்சி வருகிறது. விலைவாசி பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டு, 1988இன் தொகையையும் 2019இன் தொகையையும் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட்: 100 ரூபாய் 1,000 ஆனது. பத்து மடங்கு.
சீட் பெல்ட்: 100 ரூபாய் 1,000 ஆனது. பத்து மடங்கு.
உரிமம் இல்லாமல் ஓட்டுதல்: 500 ரூபாய் 5,000 ஆனது. பத்து மடங்கு.
குடித்துவிட்டு ஓட்டுதல், முதல் முறை: 2,000 ரூபாய் 10,000 ஆனது. ஐந்து மடங்கு.
ஆபத்தாக ஓட்டுதல், முதல் முறை: 1,000 ரூபாய் வரை என்பது 5,000 வரை ஆனது. ஐந்து மடங்கு.
காரில் அதிவேகம்: 400 ரூபாய் வரை என்பது 1,000 முதல் 2,000 வரை ஆனது. அதிகபட்சம் ஐந்து மடங்கு.
காப்பீடு இல்லாமல் ஓட்டுதல், முதல் முறை: 1,000 ரூபாய் 2,000 ஆனது. இரண்டே மடங்கு.
தண்டனைச் சட்டத்தின் கண்மூடி ஓட்டுதல்: 1,000 ரூபாய் 1,000 ஆகவே இருக்கிறது. ஒரு மடங்கு, அதுவும் 1860இலிருந்து!

பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் போடாதவர் பெரும்பாலும் தனக்குத்தானே ஆபத்து தேடிக்கொள்கிறார். அவருக்கு விலைவாசிக்கு ஈடாக அபராதம் ஏறிவிட்டது. குடித்துவிட்டு, கண்மூடித்தனமாக, வேகமாக ஓட்டுபவர் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறார். அவருடைய அபராதம் நிஜ மதிப்பில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியிருக்கிறது. காப்பீடு இல்லாதவருக்கு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. 2022இல் அறிவித்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு ஒரு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 3,416 ரூபாய். மாட்டினால் அபராதம் 2,000. காப்பீடு எடுப்பதைவிட மாட்டிக்கொள்வது மலிவு! அந்தக் கார் யார் மேலாவது ஏறினால் அவர் குடும்பத்துக்கு யார் ஈடு தருவது?

நியாயமாகச் சொன்னால், சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் என்பது 2019இல் புதிதாக வந்தது. பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை என்பதும் புதிதுதான். அபராதத்தோடு சிறைத் தண்டனையும் பல பிரிவுகளில் இருக்கிறது. இருந்தாலும் தொகைகளின் போக்கு பொதுவாக ஒரே பக்கம்தான் சாய்கிறது. 1914இல் ஓட்டுபவரிடமிருந்து நடப்பவரைக் காக்கப் பிறந்த சட்டம், நூறு வருஷத்தில் ஓட்டுபவரை அவரிடமிருந்தே காப்பதில் கறாராகவும், மற்றவரைக் காப்பதில் தாராளமாகவும் மாறிவிட்டது.

எங்கள் ஊர் சொன்ன பாடம்

அடுத்தவருக்குக் கெடுதல் செய்தவர் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வி எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் வழக்கு' என்று இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. ஏற்றுமதி செய்கிறவருக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. சுத்திகரிப்புக்கு வழி செய்யாவிட்டால் ஷாப்பை மூட வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. அபராதம், தொழில் செய்யும் அனுமதி, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு என்று மூன்று கால்கள். சாலைக்கும் இந்த மூன்று கால்கள்தான் தேவை. அபராதத் தொகை விலைவாசியோடு சேர்ந்து நகர வேண்டும். அடுத்தவர் உயிரோடு விளையாடியவர் உரிமத்தை இழக்க வேண்டும். காப்பீடு இல்லாத ஒரு வண்டியும் சாலைக்கு வரக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஷூ கம்பெனியில் வேலை செய்பவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது இரண்டு மூன்று நாள் கூலி. பெரிய காரில் போகிறவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். ஒரே தொகை, இரண்டு விதமான வலி. பின்லாந்தில் 1921 முதலே வருமானத்துக்குத் தகுந்தபடி அபராதம் போடும் முறை இருக்கிறது. 2002இல் நோக்கியா கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவருக்கு மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது பிறகு குறைந்தது. ஆனாலும் செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் வருமானத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு என்பதால் அப்படியே கொண்டுவர முடியாதுதான். வண்டியின் விலையை வைத்தாவது யோசிக்கலாம் அல்லவா?

தொகையை ஏற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இத்தாலியின் மிலன் நகரத்தில் பிறந்த பெக்காரியா 1764இலேயே குற்றமும் தண்டனையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தண்டனை கடுமையாக இருப்பதைவிட, தப்பாமல் கிடைப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்பது அதன் சாரம். அவர் பிற்காலத்தில் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் என்பது எங்கள் துறைக்குப் பெருமை! நூறு தடவையில் ஒரு தடவை பிடிபடும் ஆயிரம் ரூபாயைவிட, ஒவ்வொரு தடவையும் பிடிபடும் ஐம்பது ரூபாய் அதிகம் உறுத்தும்.

அரசின் கணக்கில் பார்த்தாலும் இது லாபமே. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று அறிவித்தார்கள். மிக நல்ல திட்டம். ஆனால் கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். இடத்திலேயே வசூலாவது ஆயிரம். தொடங்கியபோது அறிவித்தபடி மருத்துவமனையில் செலவாவது ஒரு லட்சம் வரை. அது 48 மணி நேரத்துக்கு மட்டும். மிச்ச வாழ்நாளின் செலவை அந்தக் குடும்பம் சுமக்கிறது.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் காலையில் கம்பெனி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். டிபன் பையோடு சாலையைக் கடக்கும் பெண்கள், சைக்கிளில் போகும் பெரியவர்கள், பெங்களூரு நோக்கிப் பறக்கும் கார்கள், கண்டெய்னர் லாரிகள். 1914இன் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அந்த நடந்து போகிறவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் மேல் மோதுகிறவருக்குச் சட்டம் எழுதிவைத்திருக்கும் விலையை அடுத்த தடவை திருத்தும்போது, முதலில் காப்பீட்டுப் பிரிவிலிருந்தும் 281ஆவது பிரிவிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்குங்கள். வீட்டில் இருக்கும் வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். அந்தக் காகிதம் போலீஸுக்குக் காட்ட மட்டும் அல்ல. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய குடும்பத்துக்காக நாம் கட்டும் பணம் அது.